மூலிகைத் தோட்டத்தில் திருட்டு

காலை எட்டு மணி. எளாவூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய அரசுப் புறம்போக்கில் வரிசையாகக் குழிகள். எல்லாம் காலி.

"போன மழைக்கு வெச்ச செடி மேடம். அகத்தி, முருங்கை, தூதுவளை... வேரோட புடுங்கினு போய்ட்டான்" என்றார் சரவணகுமார். மூலிகை வளர்ப்பதாகச் சொல்லி அந்த நிலத்தை அரசிடம் குத்தகைக்கு எடுத்தவர். சொன்னபடி வளர்க்காவிட்டால் குத்தகை ரத்து. அன்று மதியம் தாசில்தார் பார்வையிட வருகிறார்.

"யாரு மேல சந்தேகம்?" எஸ்.ஐ. அருணா கேட்டாள்.

"ஸ்டீபன்தான். எங்க ஆடு மேயிற எடம்னு முதல் நாளே சண்டை போட்டவன்."

ஸ்டீபன் ஏற்கெனவே ஜீப்பில் இருந்தான். வருடக்கணக்காகக் கான்ட்ராக்டில் உழைத்த கம்பெனியில், அன்று ஒன்பது மணிக்கு நிரந்தர வேலையில் சேர வேண்டியவன். போலீஸ் கேஸ் என்று கம்பெனி காதில் விழுந்தால் அவ்வளவுதான். ஆனால் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை.

"புடுங்கினியா?"

"இல்ல மேடம்."

"சண்டை போட்டியா?"

"போட்டேன்."

"இன்னும் ஏதாவது சொல்லேன்யா."

"சொன்னா இன்னா ஆவப் போவுது?"

அவன் மனைவி ஏஞ்சல் ஓடி வந்தாள். பின்னாலேயே வந்த ஆடு ஒன்று ஜீப்பில் முன்னங்காலைத் தூக்கி வைத்து, வெள்ளிக்கிழமை பூஜைக்கு அதில் போட்டிருந்த பூமாலையை மென்றது.

"போலீஸ் மாலையவே துண்ணுதே, உன் ஆட்டுக்குத் தெனாவட்டு தாம்மா" என்றார் ஏட்டு மணிகண்டன்.

"எலையப் பாத்தா வாய வெக்கும் சார். தெனம் இங்கதானே மேயுது."

"ஆட்டைக்கூட நான் ஒருநாளும் வெரட்டலை மேடம்" என்றார் சரவணகுமார் பெருமையாக.

அருணா நிலத்தைச் சுற்றி வந்தாள். வேலி இல்லை. குழிகளுக்கு நடுவே, மண்ணில் ஊறிப்போன லாரி எண்ணெய்த் திட்டுகள்.

"முள்ளு எங்க சார்?"

"இன்னா முள்ளு?"

"எங்க ஊட்டுல அகத்தி நட்டா, தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி சுத்தி முள்ளு வெப்போம். இல்லாட்டி அன்னிக்கே ஆடு மொட்டையடிச்சிடும். இங்க வேலியும் இல்ல, காஞ்ச முள்ளு ஒண்ணுகூட கீழ இல்ல. தெனம் ஆடு மேயுது. போன மழையில வெச்ச அகத்தி எப்படிப் பொழச்சுது?"

சரவணகுமார் காலால் மண்ணைத் தள்ளி ஒரு எண்ணெய்த் திட்டை மூடப் பார்த்தார்.

"செடியே வெக்கல நீங்க. லாரி நிறுத்த வாடகைக்கு உட்டுட்டு, தாசில்தார் வர்றாருன்னதும் குழி வெட்டினீங்க. திருட்டுக் கதை கட்டினதும் நீங்கதான். மணிகண்டன், சாரை இங்கயே புடிச்சு வைங்க. நான் ஸ்டீபன கம்பெனில உட்டுட்டு வந்துடறேன்."

ஏஞ்சல் அழவில்லை. ஆட்டைப் பிடித்தபடி நின்றாள்.

கம்பெனி மதில் தெரிந்ததும் ஸ்டீபன் வாய் திறந்தான்.

"இங்கயே எறக்கி உட்டுடுங்க மேடம். போலீஸ் ஜீப்புல வந்தா பாத்துடுவாங்க."

"நேரமாச்சேப்பா."

"பரவால்ல."

இறங்கினான். கேட் இன்னும் தூரத்தில் இருந்தது. ஒன்பது மணிச் சங்கு ஊதியது. அவன் ஓடவில்லை, அதே நடையில் போய்க்கொண்டிருந்தான்.