முழங்காலுக்குக் கீழே புதுசு

"என் பொண்டாட்டி ஏற மாட்டேங்கிறா. உள்ள ஈர வாடை அடிக்குதாம். நான் வாங்கின ஜெட் விமானம் நல்லா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ வாய் அடங்கிடும்" என்றார் ஆலை முதலாளி.

அக்காவும் தங்கையும் நடத்தும் துப்பறியும் அலுவலகத்துக்குத் துப்புத் துலக்கச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. இவர் பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு காலத்தில் விமான விபத்துகளை விசாரித்த அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு பறக்கப் போறாங்க?"

"நாளைக்கு என் பொண்ணும் பேரனும்."

அக்கா எழுவதற்குள் தங்கை செருப்பை மாட்டிவிட்டாள்.

விமானக் கொட்டகையில் அந்தப் பழைய சின்ன ஜெட் பளபளத்தது. முதலாளியின் மனைவி ஓரமாக நின்றார். விமானத்தை வாங்கிக் கொடுத்த தரகன் அந்த அம்மாவின் தம்பிதான். "செகண்ட் ஹேண்ட்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க மாமா" என்று இளித்துக்கொண்டிருந்தான்.

"வாங்குறதுக்கு முன்னாடி யாரு சோதிச்சாங்க?" என்றாள் அக்கா.

"வித்தவரோட மெக்கானிக்கையே என் மச்சான் கூட்டிட்டு வந்தான்" என்றார் முதலாளி பெருமையாக. கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்த்து வாங்குகிற மனிதர், விமானத்தில் கோப்பை வைக்கும் மரத்தட்டைத் தடவிப் பார்த்ததோடு சரி.

உள்ளே தங்கை துருவித் துருவிப் பார்த்தாள். "கம்பளம் புதுசுக்கா. சுவத்துல கீழ்ப் பலகை புதுசு. சீட்டுக்கு அடியில இருக்கிற உயிர்காப்புச் சட்டைகூடப் புதுசு. நல்லாத்தான் செலவு பண்ணியிருக்காங்க."

"மேல பாரு."

தலை சாயும் இடத்தில் தோல் வெடித்திருந்தது. ஜன்னல் திரைகள் பழுப்பேறிக் கிடந்தன.

அக்கா எல்லோரையும் இறக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "விக்கிறவன் கண்ணுல படுறதைத்தான் முதல்ல மாத்துவான். இங்க தலைமாட்டுல கிழிசல், காலடியில எல்லாம் புதுசு. ஏன்? முழங்கால் உயரத்துக்குத் தண்ணி நின்னிருக்கு. இது வெள்ளத்துல மூழ்கின விமானம். அம்மாவோட மூக்கு பொய் சொல்லலை. வாலை அசைக்கிற கம்பிக் கயிறு தரைக்கு அடியிலதான் ஓடுது. தரைப் பலகையைக் கழட்டுங்க."

"அதெல்லாம் எதுக்கு?" என்று தம்பி வாசலை மறித்தான். தங்கை திருப்புளியோடு அவனை ஒதுக்கிவிட்டு ஏறினாள்.

பலகைக்கு அடியில் சேறு காய்ந்து கிடந்தது. துருவேறிய கயிறு இழை இழையாகப் பிரிந்திருந்தது. இன்னும் சில தடவை இழுத்தால் அறுந்துவிடும்.

"தெரிஞ்சுதான் வாங்கிக் கொடுத்தியாடா?" என்றார் முதலாளி. தம்பி தரையைப் பார்த்தான்.

மகளைப் பற்றி, பேரனைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று தங்கை காத்திருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "விஷயம் வெளிய போக வேண்டாம். பலகையை மூடிட்டு வேற எவன் தலையிலயாவது கட்டிடலாம்."

மனைவி மகளைத் தொலைபேசியில் அழைத்து ரயிலில் போகச் சொன்னார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"என் தம்பி யாருகிட்ட தொழில் கத்துக்கிட்டான்னு இப்பத்தான் புரியுது."