தர்ஷிகா தலையாட்டினாள்

"குடை எனக்கா, பேப்பருக்கா?"

"பேப்பருக்குத்தான் லா. நீங்க நனைஞ்சா காஞ்சிடுவீங்க. பேப்பர் போனா போச்சி."

தர்ஷிகாவுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை... சிரிப்புதான் வந்தது. பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஃபெரி அப்போதுதான் ஜார்ஜ் டவுன் கரையில் ஆட்களை இறக்கிவிட்டிருந்தது. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. படகுத்துறை பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஒருவன், அவள் அணைத்துக்கொண்டிருந்த தாள்சுருளுக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தோளே நனைந்துகொண்டிருந்தது. பெரிய கண்கள்... சிரிக்காதபோதும் சிரிப்பது மாதிரி இருக்கும் கண்கள். இந்தக் கண்களோடு ஊருக்குள் நடமாட லைசென்ஸ் எடுக்கச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள்.

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"அரசியல்," என்றாள்.

தொழிற்சங்கத்தில் பாடம் நடத்துவது அவள் வேலை. பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலை. அங்கே சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று தொழிலாளர்கள் ரகசிய வாக்களிக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அன்றைய வகுப்பில் மாஜோங் பேப்பரை, அதுதான் சுவரில் ஒட்டும் அந்தப் பெரிய வெள்ளைத்தாளை ஒட்டி, 'அரசியல்னா என்ன?' என்று எழுதிவிட்டு மார்க்கரை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அவன் சுருளை விரித்துப் படித்தான். 'வராத பஸ்.' 'கோழி விலை.' 'அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா கை குலுக்கறது.' ஒவ்வொன்றுக்கும் சிரித்தான். மூலைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

'தண்ணி குடிச்சா டாய்லெட் போகணும். போனா சூப்பர்வைசர் புக்குல பேர் எழுதணும். அதனால நான் தண்ணியே குடிக்கிறதில்ல. இது அரசியலா டீச்சர்?'

எழுதியது புஷ்பவள்ளி. பத்தொன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறவள். அதைப் படித்துவிட்டு அவன் வெகுநேரம் பேசவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"என் பேரு தயாளன். ஊரு நிபோங் திபால். ஒரு வேட்பாளருக்கு ஆறு மாசமா வீடியோ, போஸ்ட்டு எல்லாம் போட்டுக்கிட்டு இருக்கேன். இந்த மாதிரி ஒரு வரி எங்களால எழுத முடியல."

"ஓ... கட்சி ஆளா?"

"சம்பளத்துக்கு மட்டும்தான். மனசுக்கு இல்ல."

"அது இன்னும் மோசம் லா!"

அவன் சிரித்தான். "இத ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

யாராவது போனைத் தூக்கினால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் எடுக்கிறார், எதற்கு, எங்கே போகும்... இதை நூறு வகுப்பில் தொண்டை வறளச் சொன்னவள் தர்ஷிகா. அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தலையாட்டினாள்! மழைதான் காரணம் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழை பாவம், அது என்ன செய்யும்?

நம்பரையும் கொடுத்திருந்தாள். இரண்டு நாள் இனிமையாகப் போயிற்று. 'பேப்பர் காஞ்சிச்சா?' என்று மெசேஜ் வந்தது. 'கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் சோறு தாப்பாவ் பண்றேன், உங்களுக்கும் ஒரு பொட்டலம் சொல்லவா?' என்று இன்னொன்று. வேண்டாம் என்று எழுதி அழித்தாள். சரி என்று எழுதி அழித்தாள். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று அரை மணி நேரம் யோசித்தாள்.

மூன்றாம் நாள் போஸ்ட் வந்தது. வேட்பாளரின் சிரித்த முகம், பக்கத்தில் அந்தத் தாள். 'தொழிலாளர் குரலே எங்கள் குரல்.' கீழே மலாய் மொழிபெயர்ப்பு வேறு. நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் டாய்லெட்டுக்குப் பேர் எழுதும் புத்தகம் ஒரே ஒரு உற்பத்தி லைனில்தான் உண்டு. கையெழுத்தை வைத்து எழுதியது யார் என்று கண்டுபிடிக்க நிர்வாகத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புஷ்பவள்ளி கையில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்து சேர்ந்தது.

அடுத்த வகுப்பில் முப்பது நாற்காலிக்கு நான்கு பேர் வந்தார்கள்.

"டீச்சர், நீங்க எங்களுக்குச் சங்கம் சொல்லிக் குடுக்கறீங்களா, அவனுங்களுக்கு ஓட்டு சேக்கறீங்களா?" புஷ்பவள்ளி கடிதத்தை அவள் முன்னால் நீட்டினாள்.

"எனக்குத் தெரியாம எடுத்துட்டான், அக்கா."

வாய் முந்திக்கொண்டது. அது பொய் இல்லை... முழுப் பொய் இல்லை... சரி, பொய்தான்.

வெளியே வந்ததும் தயாளனுக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"நீங்கதானங்க தலையாட்டினீங்க?"

"உங்களுக்குத்தான் தலையாட்டினேன்! உங்க கட்சிக்கு இல்ல!"

"எனக்குன்னா...?"

போனைத் துண்டித்தாள். கன்னம் சுட்டது. என்ன சொல்லித் தொலைத்தேன்?

அவன் எழுதினான். 'அரசியல் தொழிலாளிங்களோடதுன்னு சொல்லிக் குடுக்கறது நீங்க. அதத்தான் நாப்பதாயிரம் பேரு பார்த்தாங்க. ஆனா அந்த அக்கா மாட்டிக்குவாங்கன்னு யோசிக்கல. அது என் தப்பு.'

அவளுக்குத் தலை சுற்றியது. அரசியலைக் கண்டு ஒதுங்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், அரசியல் வந்து தொட்டதும் ஏன் இப்படி அலறுகிறாள்? நாற்பதாயிரம் பேர் பார்த்து புஷ்பவள்ளிக்கு ஒரு வாய்த் தண்ணீராவது கிடைத்ததா? யாருமே பார்க்காமல் இருந்தால் மட்டும் கிடைத்திருக்குமா? யோசிக்க யோசிக்க அந்தக் கண்கள்தான் வந்து நின்றன. என்ன பெண் நான்!

வாக்களிப்புக்கு இன்னும் ஐந்தே நாள். மூன்று மணி ஷிப்ட் மாறும் நேரம். துண்டறிக்கையோடு தொழிற்சாலை வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தயாளன் அங்கே இருந்தான். கையில் போன் இல்லை. வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்தப் போஸ்ட் போட்டது நான். டீச்சருக்குத் தெரியாம எடுத்தேன். அவங்க எந்தக் கட்சியும் இல்ல. போஸ்ட்ட எடுத்துட்டேன், அந்த வேலையையும் விட்டுட்டேன்."

அவள் சொன்ன பொய்யை அவன் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். போஸ்ட்டுக்குக் கீழே 'டீச்சரை ஏமாத்தின திருடன்' என்று தொழிலாளர்கள் எழுதியதை அவனும் பார்த்திருப்பான். மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது. புஷ்பவள்ளி அவன் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "உனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்குக்கா," என்றான். தலை குனிந்தே இருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்... வகுப்புக்கு ஆட்கள் திரும்பிவிடுவார்கள், சங்கத்துக்கு வாக்கும் விழும். தர்ஷிகாவுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் அவன் குனிந்து நின்றதைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா... அவர் திருடல. என்கிட்ட கேட்டாரு. நான்தான் சரின்னேன்."

எல்லாரும் தர்ஷிகாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்குச் சொல்லிக் குடுக்கறத நானே செய்யல. உங்ககிட்ட பொய்யும் சொன்னேன். என்னைய மன்னிக்க வேணாம். ஆனா என்மேல உள்ள கோபத்துல சங்கத்த விட்டுடாதீங்க. உங்க லெட்டருக்குச் சங்கம் பதில் எழுதுது. விசாரணைக்குக் கூப்பிட்டா அது முடியிற வரைக்கும் நான் உங்ககூட இருப்பேன்."

"அது கிடக்கட்டும். ஏன் சரின்னீங்க?"

"யோசிக்கல, அக்கா."

"நீங்களா யோசிக்கல? ஒரு குட் மார்னிங் படம் அனுப்பறதுக்குக்கூட எங்கள மூணு தடவ யோசிக்க வைக்கிற ஆளு நீங்க!"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தர்ஷிகாவுக்கு அழுகை வந்தது.

"அவர் நீங்க எழுதினதப் படிச்சாரு. படிச்சிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்பவே... அவர எனக்குப் பிடிச்சிப்போச்சி. அதான் காரணம். வேற ஒன்னும் இல்ல."

முப்பது பேர் முன்னால் சொல்லிவிட்டாள்! தயாளன் மெல்ல நிமிர்ந்தான்.

புஷ்பவள்ளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கோபம் போகல, டீச்சர். நாளைக்கு வகுப்புக்கு வர்றேன், எல்லாரையும் கூட்டிக்கிட்டு. மிச்சத்த அங்க வச்சித் திட்றேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"வேலை போச்சி, கட்சியும் போச்சி," என்றான் தயாளன். "உங்கள நினைச்சிக்கிட்டு இருக்கிறது மட்டும்தான் மிச்சம். இப்படி ஒரு ஆளு உங்களுக்குச் சரிப்படுமா?"

"எனக்கு ஒன்னுமே புரியல, தயாளன். நான் இத்தன நாளா சொல்லிக் குடுத்தது சரியா தப்பான்னே புரியல. ஓட்டு என்ன ஆகும்னு தெரியல..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அது ஒன்னுதான் புரியுது."