இணைக்கட்டுமா?

பள்ளி விட்டு வந்த சின்னவள், நனைந்த பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினாள்.

"சட்டைய மாத்திட்டு வாடி, பால் ஆறிடும்" என்று குரல் கொடுத்தேனே தவிர, நாற்காலியை விட்டு எழவில்லை. கணினியில் வேலை பாதியில் கிடந்தது.

பிள்ளைகளைப் பற்றி அன்றாடம் எழுதிவைத்த குறிப்புகளைப் பழைய செயலியிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பழையது இந்த மாதத்தோடு நின்றுவிடுமாம். பெரியவள் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது சின்னவளுக்கு இரண்டு. இப்போது இவளுக்கும் ஆறு. பெரியவளின் நினைவாக எனக்கு மிஞ்சியது அந்த எழுத்துதான். அதில் ஒரு வரி தொலைந்தாலும் தாங்கமாட்டேன்.

திரையில் கேள்வி வந்தது: "பல குறிப்புகள் ஒன்றுபோல் உள்ளன. இணைக்கட்டுமா?"

பல் விழுந்தது, சைக்கிளிலிருந்து விழுந்தது, இருட்டுக்குப் பயந்தது. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே கதைதானே! ஒவ்வொன்றாகப் பார்க்கச் சோம்பல். ஆழம் பார்க்காமல் காலை விட்டேன். "அனைத்தையும் இணை" என்பதை அழுத்தினேன்.

வெளியே மழைச் சத்தம் அடங்கியது. காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாடை எங்கிருந்தோ வந்தது.

"அம்மா."

சின்னவளின் சட்டைதான். ஆனால் மோவாயில் தையல் தழும்பு.

அது பெரியவளுடைய தழும்பு.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு மூச்சு நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அள்ளி அணைத்துக்கொண்டேன். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"பாப்பா எங்கம்மா?" என்று தங்கையைத் தேடினாள்.

உள்ளறையில் அழுகை கேட்டது. ஓடினேன். கட்டிலில் ஆளில்லை. அடியிலும் இல்லை. குரல் மட்டும் இருந்தது.

"அம்மா... இருட்டா இருக்கு..."

திரும்பி ஓடிவந்து, கையில் பட்ட விசையையெல்லாம் அழுத்தினேன். பின்னால் போக வழியில்லை. பழைய செயலி துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. புதியதில் சின்னவளின் பெயரைத் தேடினேன். அப்படி எவரும் இல்லை என்றது.

எழுதினால் வந்துவிடுவாளோ? தட்டினேன்: சின்னவள் தூக்கத்தில் சிரிப்பாள்.

"ஏற்கெனவே உள்ளது. இணைக்கட்டுமா?"

"வேண்டாம்" என்பதை அழுத்தினேன். எழுதிய வரி மறைந்துபோனது.

வேறொன்றைத் தட்டினேன்: சின்னவளுக்குப் பாலில் ஆடை படிந்தால் பிடிக்காது.

"ஏற்கெனவே உள்ளது. இணைக்கட்டுமா?"

அவளுக்கென்று மட்டும் ஏதாவது வேண்டும். ஒன்றே ஒன்று. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். சிரித்தால் அக்கா மாதிரி, முறைத்தால் அக்கா மாதிரி என்றுதானே இத்தனை வருடமும் அவளைப் பார்த்திருக்கிறேன்! ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அழுகை தேய்ந்துகொண்டே போனது. கேள்வி மட்டும் திரையில் அப்படியே நின்றது.

என் தோளுக்கு மேலாக ஒரு சுடுகின்ற கை நீண்டது.

"பாவம், ரொம்ப அழறாம்மா. நானே தூங்க வைக்கிறேன்."

"ஆம்" என்பதை அழுத்தினாள்.

அழுகை நின்றுவிட்டது.