தேய்ந்த குதிகால்

இன்ஜினை நிறுத்திய பிறகும் சத்தம் நிற்கவில்லை.

சடையன் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்னால் குனிந்து நின்றான். சித்திரை மாதத்து உச்சி வெயிலில் ஷெட்டின் தகரக் கூரை டக் டக்கென்று நெளிந்துகொண்டிருந்தது. அது பழகிய சத்தம். கருகிய ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து மூக்கில் ஏறிய வாடையும் பதினேழு வருஷமாகப் பழகியதுதான். ஆனால் அந்த அம்பாசடருக்குள், விசிறிக்குப் பின்னால், டைமிங் செயினை மூடியிருந்த தகட்டுக்குள்ளிருந்து வந்தது பழகிய சத்தமல்ல. சப். பிறகு ஓர் இழுப்பு. சப். பிறகு ஓர் இழுப்பு. சுற்றாத இன்ஜினில் எது இழுபடும்?

“சனியனே, இன்னா வேணும் உனக்கு?” என்று ரேடியேட்டரை ஓங்கி ஓர் அறை அறைந்தான். சத்தம் நின்றது.

சடையனுக்குக் கோபம் வரக் காரணம் வேண்டியதில்லை. இந்தத் தடவை காரணமும் இருந்தது. வண்டி கோதண்டராமனுடையது. ஷெட் நிற்கும் மனையும் கோதண்டராமனுடையதுதான். அந்த வண்டியின் இன்ஜினில் சங்கிலி தொளதொளவென்று ஆடாமல் அழுத்திப் பிடிக்க டென்ஷனர் என்று ஒன்று உண்டு; இரும்புக் கட்டையின் முகத்தில் விரல் அகல ரப்பர். பதினோரு வருஷத்தில் சங்கிலி அந்த ரப்பரை இரண்டு கோடாக அறுத்து இரும்பைத் தொட்டுவிட்டது. சங்கிலி பல் தாண்டினால் வண்டி நடுரோட்டில் படுத்துவிடும். புதிய டென்ஷனர் மெட்ராஸிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்று முந்தாநாள் சொன்னதற்குத்தான் கோதண்டராமன் அந்தக் கத்து கத்தினார்.

“ஒரு வாரமா? மெட்ராஸ்ல என் பொண்ணுக்குக் கல்யாணம்டா. நாளன்னிக்கு நாலு மணிக்கு வண்டி கெளம்பணும். இல்லன்னா அஞ்சு மணிக்கு ஆள் வெச்சு உன் ஷெட்டப் பிரிச்சுடுவேன். புரியுதா?”

“புரியுதுங்க” என்றான் சடையன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த ஆளிடம் காட்ட முடியாத கோபம் அடுத்து வருகிறவன் தலையில்தானே விழும்? விழுந்தது.

அடுத்து வந்தவன், கிரிவலம் சுற்ற வந்த ஓர் ஏழை. ஷெட்டுக்கு எதிரே ஒரு சின்ன லிங்கக் கோயில். மலையைச் சுற்றுகிறவர்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எல்லாரும் வெறுங்காலோடுதான் வருவார்கள். நேற்று மதியம், அதிசயமாக, கோயில் வாசலில் ஒரு ஜோடி டயர்ச் செருப்பு கிடந்தது. இடது செருப்பின் குதிகாலைப் பார்த்ததும் சடையன் கண் அங்கேயே நின்றது. லாரி டயரிலிருந்து வெட்டிய, உள்ளே நூல் ஓடிய ரப்பர். நடந்து நடந்து, டென்ஷனருக்கு வேண்டிய அதே கனத்துக்கு வழவழவென்று தேய்ந்திருந்தது. புது டயரை வெட்டி இந்தக் கனத்துக்கு அராவ அரை நாள் பிடிக்கும். கை கோணினால் அதுவும் வீண். இரண்டு பக்கமும் பார்த்தான். ஒற்றைச் செருப்பை எடுத்து வந்து பட்டறை மேஜையில் வைஸில் கவ்வ வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் நொண்டிக்கொண்டு வந்து நின்றான். வலது காலில் செருப்பு. இடது கால் வெறுங்கால்.

“ஐயா, என் செருப்புல ஒண்ணு காணோங்க. நாய் எதுனா தூக்கினு வந்துச்சாங்க?”

சடையன் முதுகால் வைஸை மறைத்துக்கொண்டான். “நான் இன்னா உன் செருப்புக்குக் காவக்காரனா?”

“கோவிச்சுக்காதீங்க. சக்கர வியாதி. எடது காலு செத்துப்போச்சு. சுட்டாலும் தெரியாது, குத்துனாலும் தெரியாது. தாரு ரோடு கொதிக்குதுங்க. அது இல்லாம நடக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. சாமி வாசல்ல மட்டும் ஒரு நிமிசம் கழட்டினேன்.”

கொடுத்திருக்கலாம். கை நீட்டினால் எடுக்கும் தூரத்தில்தான் இருந்தது. “மலையச் செருப்புப் போட்டுனு சுத்தறவனுக்கு இப்படித்தான் ஆவும். போய்யா!” என்று சடையன் கத்தினான்.

அந்த ஆள் திட்டவில்லை. சடையனின் முகத்தையும், பிறகு அவன் காலையும் பார்த்தான். திரும்பி நடந்தான். சப், ஓர் இழுப்பு, சப், ஓர் இழுப்பு என்று அந்த நடை வெயிலில் தேய்ந்து மறையும்வரை சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் உளியை எடுத்துக் குதிகாலில் ஒரு செவ்வகத் துண்டை வெட்டினான். டென்ஷனர் இரும்பில் வைத்துத் தறைந்து, வண்டியில் மாட்டினான். மிச்சச் செருப்பை மேஜைக்கு அடியில் வீசினான்.

இப்போது உச்சி வெயிலில், எதிர்க்கடை ஜோதியம்மாள் டீ கிளாஸோடு வந்தாள். கிளாஸை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அண்ணா, நேத்து ஒத்தைச் செருப்போட ஒரு ஆளு வந்தான்ல? காத்தால மலைக்குப் பின்னால ரோட்டோரம் செத்துக் கெடந்தானாம். கீழ்பென்னாத்தூர்க்காரன், மண்ணாங்கட்டின்னு பேரு. எடது காலு அடியில தோலே இல்லயாம்ணா. ரோடு முழுக்க ஒட்டினு இருந்துச்சாம். அவனுக்கு வலியே தெரியல போல.”

“அதுக்கு நான் இன்னா பண்ண? போ, உன் வேலயப் பாரு!”

அவள் போய்விட்டாள். டீயில் ஆடை படிந்தது. உள்ளங்கை வியர்த்து ஸ்பேனர் வழுக்கியது. செத்தவன் மேல் கோபம், அவனை அனுப்பிவைத்த வீட்டார் மேல் கோபம், கோதண்டராமன் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த ஒன்று கோபமல்ல என்று அவனுக்கே தெரிந்தது.

சப்.

இந்தத் தடவை வண்டிக்குள்ளிருந்து வரவில்லை. வண்டிக்கு அந்தப் பக்கம். ஓர் இழுப்பு. டிக்கியைச் சுற்றி வந்தது. சப். கூரை நெளிவது நின்றிருந்தது. ரோட்டில் ஒரு பஸ்கூட இல்லை. தார் உருகும் வாடை, அதற்குள் வேறொரு வாடை. பொசுங்கிய தோல் வாடை. சடையன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான்.

யாரும் இல்லை. ஆனால் மேஜைக்கு அடியில் வீசிய செருப்பு அங்கே இல்லை. அது ஷெட் வாசலில் இருந்தது. உள்ளே வருகிறவன் மரியாதையாகக் கழற்றி வைத்த மாதிரி.

வெறி வந்தவனைப் போல ரேடியேட்டரைக் கழற்றினான். புல்லியை இழுத்தான். சங்கிலி மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் எறிந்தான். மூடி வந்தது.

சங்கிலி பளபளவென்றிருந்தது. அதை அழுத்திக்கொண்டிருந்தது ரப்பர் இல்லை.

மஞ்சள் பாய்ந்து, தடித்து, குறுக்கே பித்தவெடிப்பு விழுந்த குதிகால் தோல். வெடிப்புக்குள் செம்மண். விரலால் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினால் அமுங்கியது. விட்டால் நிமிர்ந்தது.

கையை உதறிக்கொண்டு சுவர் வரைக்கும் போனான். சுவரில் கடிகாரம். மணி இரண்டு. அதைப் பிடுங்கி எறிந்துவிடலாம். எறிந்துவிட்டு அந்தச் செருப்போடு கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறலாம். ஆனால் நாலு மணிக்கு வண்டி கிளம்பாது. அஞ்சு மணிக்குக் கூரை இறங்கும்.

“செத்தவன் செத்தான்!” என்று காலி ஷெட்டைப் பார்த்துக் கத்தினான். “எனக்கு ஷெட்டு வேணும்டா! எடுத்துக்கோ, இன்னா வேணுமோ எடுத்துக்கோ, போ!”

மூடியையும் புல்லியையும் ரேடியேட்டரையும் திரும்ப மாட்டினான். முறுக்கினான். சாவியைத் திருப்பினான்.

இன்ஜின் புது வண்டியைப் போல ஓடியது. கிலுகிலுப்பு இல்லை. சப் இல்லை. இழுப்பு இல்லை. வாசலில் செருப்பும் இல்லை. சடையன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தான், கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

நாலு மணிக்குக் கோதண்டராமன் வந்து காது கொடுத்துக் கேட்டார். “பரவால்லியே! புது பார்ட்டாடா?”

“புதுசுதாங்க.”

“இனிமே ஷெட்டு உன்னுதுன்னே வெச்சுக்கோ, போ.” வண்டி கிளம்பிப் புழுதிக்குள் மறைந்தது.

சடையன் தொட்டியில் தண்ணீர் மொண்டு இரண்டு காலிலும் ஊற்றிக்கொண்டு உள்ளே நடந்தான். மனசு லேசாக இருந்தது. துண்டை எடுக்கத் திரும்பியபோது சிமெண்டுத் தரையில் தன் ஈரச் சுவடுகளைப் பார்த்தான். வலது கால் முழுதாக இருந்தது. இடது காலின் ஒவ்வொரு சுவட்டிலும், குதிகாலின் நடுவே, செவ்வகமாக ஓர் இடம் ஈரமே படாமல் காய்ந்திருந்தது.

கீழே உட்கார்ந்தான். இடது காலை மடியில் திருப்பிப் போட்டான்.

உளியால் எடுத்ததுபோல நேரான நான்கு ஓரங்கள். ரத்தம் இல்லை. வலியும் இல்லை. விரலை உள்ளே விட்டான். விரல் வைத்ததுகூடத் தெரியவில்லை.

அந்தக் குழியின் அடிச் சதையில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள் விழுந்தன. மெல்ல ஆழமாயின. பொடிப்பொடியாகச் சதை உதிர்ந்து மடியில் விழுந்தது. ஒரு கோட்டின் அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

மெட்ராஸ் போகிற வண்டி இன்னும் கீழ்பென்னாத்தூரைக்கூடத் தாண்டியிருக்காது.