கீழே மூணு, வலப்பக்கம் ஒண்ணு

"படம் நல்லாத்தானே தெரியுது? எதுக்கு இப்பக் கை வைக்கிறீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"கொஞ்சம் மங்கலா இருக்கு. இன்னிக்குப் போய் மங்கலா இருக்கலாமா?" என்றார் அப்பா.

இன்று மாலை அக்கா வெளியூரில் நானூறு மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடுகிறாள். டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள்.

அப்பா செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் இதை அழுத்தினார், அதை அழுத்தினார். திரை இருண்டது. திரும்பி வந்தபோது ஒரு சேனல்கூட இல்லை. மெனு முழுக்கக் கொக்கி கொக்கியாக ஏதோ எழுத்து.

"இது என்ன பாஷை?" என்று கேட்டாள் அம்மா.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்று அப்பா எரிந்து விழுந்தார்.

கம்பெனிக்குப் போன் போட்டார். நெடுநேரம் பாட்டுதான் கேட்டது. கடைசியில் ஒருவர் பேசினார். "மெனுவுல 'மொழி'ன்னு இருக்கும் சார். அதை அழுத்துங்க."

"அந்த 'மொழி' எந்த மொழியில இருக்கும்?"

இணைப்பு அறுந்துவிட்டது. அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

சின்னவள் சில்லு மெல்லச் சொன்னாள். "மாடியில டெய்லரம்மா வீட்டுல இதே பெட்டிதான் இருக்கு. கேட்டுட்டு வரட்டா?"

அப்பாவின் முகம் சுருங்கியது. தையல் மெஷின் சத்தத்துக்காக அவருக்கும் டெய்லரம்மாவுக்கும் பெரிய சண்டை. அதிலிருந்து படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"அவங்ககிட்டயா? வேண்டாம்."

"சரி. அக்கா ஓடி முடிச்சதும் ஓட்டம் எப்படின்னு அவகிட்டயே கேட்டுக்கலாம்."

சில்லு அம்மாவின் பட்டன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டதும், "எனக்கு அந்த விளையாட்டுச் சேனல் வராதே," என்றார் டெய்லரம்மா.

"சேனல் வேண்டாம், மெனு போதும். எழுத்துதான் வேற. எது எங்க இருக்குங்கிறது மாறாதுல்ல? நீங்க இங்க அழுத்துங்க. அதையே அப்பா கீழ அழுத்தட்டும்."

"நான் சொன்னா உங்கப்பா கேட்பாரா?"

"இன்னிக்குக் கேட்பாரு," என்று சில்லு அப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

டெய்லரம்மா தொண்டையைச் செருமினார். "கீழே மூணு தடவை அழுத்துங்க சார். அப்புறம் வலப்பக்கம் ஒண்ணு."

"அழுத்திட்டேன். என்னமோ கடிகாரம் வருது."

"நாலு அழுத்தியிருப்பீங்க."

"மூணுதான் அழுத்தினேன்."

"நாலு," என்றது பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

"சரி, திரும்பி வாங்க. நிதானமா."

போனில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணும் சத்தம் கேட்டது. பிறகு அப்பா சொன்னார். "தமிழ் வந்துருச்சுங்க."

"இப்ப 'சேனல் தேடு'ன்னு இருக்கும். அதைக் கொடுத்துட்டு ரிமோட்டைக் கீழ வச்சிடுங்க சார். வேற எதையும் தொடாதீங்க."

சில்லு கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். டெய்லரம்மா ரிமோட்டைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"நீங்களும் வாங்க. அக்கா ஓடுறதைப் பார்க்கலாம்."

"உங்கப்பா கூப்பிடலையே, பாப்பா."

"நான் கூப்பிடுறேனே."

இருவரும் கீழே வந்தபோது தேடல் பாதியில் இருந்தது. அப்பா ஒரு கணம் தயங்கினார். பிறகு எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உட்காருங்க. ஓட்டம் தொடங்குற நேரமாயிருச்சு."

திரையில் தேடலைக் காட்டும் கோடு ஆமைபோல் நகர்ந்தது. ஒருவழியாகச் சேனல் வந்தபோது ஓட்டம் தொடங்கியிருந்தது. அக்கா நாலாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். வளைவில் மூன்றாவது. நேர்ப்பாதையில் இரண்டாவது. டெய்லரம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். முடிவுக் கோட்டருகே அக்கா நெஞ்சை முன்னால் தள்ளினாள்.

"முதல்ல வந்துட்டாளா?" என்று கேட்டாள் அம்மா.

"வந்துட்டா," என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சரியாப் பார்க்கல. மறுபடி காட்டுவாங்களா?" என்று கேட்டார் டெய்லரம்மா.

காட்டினார்கள். மிக மெதுவாக. அக்கா இன்னொரு முறை ஜெயித்தாள்.