நீருக்கடியில் நகங்கள்

க்ர்ர்ர்க்...

க்ர்ர்ர்க்...

கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது சத்தம். வெளியே, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ நகத்தால் பிறாண்டுவது போல!

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். ஒரு வருடமாகக் கேட்கிறாள். படகு இந்த வளைகுடாவில் நங்கூரம் போட்டால் போதும்... வந்துவிடும்.

"அண்ணி! மேல வாங்க! மேடம் படகைச் சுத்திப் பாக்கணுமாம்!"

கொழுந்தனின் குரல். விற்றுத் தொலைக்கிற அவசரம் அதில் வழிந்தது.

படியேறினாள்.

ஃபிரான்சில் கட்டிய பாய்மரப் படகு அது. அண்ணனும் தம்பியும் கூட்டாக வாங்கியது. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே வடிவமைத்தது. நான்கு அறைகள், நான்கும் ஒரே அச்சு. பின்னால் இரண்டு ஸ்டியரிங் சக்கரங்கள்.

"புருஷன் பொண்டாட்டிக்குன்னே யோசிச்சுக் கட்டியிருக்கான்டி. ஆளுக்கு ஒரு சக்கரம், சண்டையே வராது!" என்பான் கணவன்.

அவன் செத்தது இதே இடத்தில்தான்.

ஒவ்வொரு வாடகைக்காரர் வருமுன்னும் அவன் கடலில் இறங்கி, படகின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவான். அன்று காலையும் இறங்கினான். அவள் குமட்டலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மேலே யாரோ பாட்டை அலற விட்டிருந்தார்கள். எரிச்சலோடு தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டது ஞாபகமிருக்கிறது.

எழுந்து வந்தபோது... மிதந்துகொண்டிருந்தான்!

இந்தப் படகின் பின்சுவர் மடிந்து மேடையாக இறங்கும். பட்டனை அமுக்கினால் போதும். அன்று அது மூடியிருந்தது. 'மேடையை இறக்காமலே குதிச்சிட்டாரு. கடல்ல பழகினவங்க பண்ற தப்புதான்' என்றது போலீஸ்.

அது போகட்டும். வலப்பக்க மூலையில், நீர்மட்டத்தை ஒட்டி, உள்ளங்கையளவு மூடி ஒன்று உண்டு. இழுத்தால் கயிற்றேணி விழும். தண்ணீரில் தவிக்கிறவன் தானே ஏறிக்கொள்வதற்காகக் கட்டும்போதே வைத்தது. மடிப்புக் கலையாமல் உள்ளேயே இருந்தது ஏணி.

அவன் ஏன் இழுக்கவில்லை?

"உன் மூஞ்சியைப் பாக்கப் புடிக்காமதான் எம்புள்ள மேல வரல" என்றாள் மாமியார்.

முந்தின நாள் பாத்திரம் கழுவுவது யார் முறை என்று ஒரு சண்டை. உப்புப் பெறாத சண்டை! அதற்காகவா ஒரு மனிதன் ஏணியை வேண்டாம் என்பான்? கேட்டுக் கேட்டு அவளுக்குள்ளேயே ஏதோ தேய்ந்துகொண்டிருந்தது.

மேலே, வாங்க வந்த அம்மாள் பெரிய வைக்கோல் தொப்பியோடு நின்றிருந்தாள். சட்டென்று காதைத் தீட்டினாள்.

"என்ன சத்தம் அது? பின்னாடி பிறாண்டுற மாதிரி..."

கொழுந்தனின் முகம் வெளிறியது.

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே மேடம்!"

"எனக்குக் கேக்குதே. ஓட்டை கீட்டை இருந்தா என் தலையில கட்டிடாதீங்க. யாராச்சும் இறங்கிப் பாருங்க. அப்புறம்தான் கையெழுத்து."

"தம்பி, நீதான் நல்லா நீந்துவியே" என்றாள் அவள்.

கொழுந்தன் சட்டையைக் கழற்றினான். இறக்கியிருந்த மேடையிலிருந்து குதித்தான்.

அவள் பட்டனை அமுக்கினாள்.

உய்ங்ங்ங்...

"அண்ணி! என்ன பண்றீங்க? மேடை ஏறுது!"

"ரிப்பேர் போல தம்பி."

"விளையாடாதீங்க அண்ணி! நீரோட்டம் இழுக்குது!"

வழுவழுப்பான சுவரைக் கையால் அறைந்தான். பிடி கிடைக்கவில்லை. ஒரு கணம் திகைத்தான்...

பிறகு வலப்பக்கம் திரும்பினான். தேடவில்லை. தடவவில்லை. படகின் நிறத்திலேயே இருந்த அந்தச் சின்ன மூடியில் நேராக விரலைக் கொடுத்து இழுத்தான்.

டப்!

உள்ளே... காலி!

"அண்ணி! ஏணி எங்க?"

அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த ஏணி? அப்படி ஒரு மூடி இருக்கிறதே தெரியாது சார்னு போலீஸ்ல சொன்னியே!"

"அது... அது வந்து..."

"காலையிலதான் கழட்டினேன். போன வருஷம் நீ கழட்டின மாதிரி. அவர் போனதுக்கப்புறம் நீ மடிச்சு உள்ள வச்சியே... நானும் வச்சிடுறேன். என்ன அவசரம்?"

"கால் மரத்துப் போகுது அண்ணி! செத்துருவேன்!"

"உங்கண்ணன் கத்தினாரா?" அவள் குரல் உடைந்தது. "அதை மட்டும் சொல்லு. கத்தினாரா... சும்மா இருந்துட்டாரா?"

"கத்தினான்! மேடையை இறக்குடான்னு கத்தினான்! உங்க பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினான்! நீங்க முழிச்சிடுவீங்கன்னுதான் பாட்டைச் சத்தமா வச்சேன்... போதுமா? படகு முழுசா எனக்கு வேணும்னு புத்தி கெட்டுப் பண்ணிட்டேன்! தூக்குங்க!"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கத்தினான். அவள் பெயரைச் சொல்லி. அந்தச் சண்டைக்குப் பிறகும் அவளிடம் ஏறி வரத்தான் துடித்திருக்கிறான்... நெஞ்சில் ஒரு வருடமாக உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது. போன இடத்தில் அந்தத் தலையணை வந்து உட்கார்ந்துகொண்டது.

தொப்பென்று ஒரு மிதவை வளையம் கொழுந்தன் பக்கத்தில் விழுந்தது. வீசியவள் தொப்பிக்காரம்மாள்.

"புடிச்சுக்க தம்பி. நீ பத்திரமா இருக்கணும். கையெழுத்து போட வேண்டியிருக்கு... ஸ்டேஷன்ல!"

தொப்பியைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து விலங்கு வெளியே வந்தது. க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர்!

பக்கவாட்டில் ஏணியைக் கட்டி அவனை ஏற்றினார்கள். விலங்கோடு மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"உங்க பிளான் பிரமாதம்மா!" இன்ஸ்பெக்டர் வியர்வையைத் துடைத்தாள். "ஆனா அந்தப் பிறாண்டுற சத்தம்... எனக்கே புல்லரிச்சிடுச்சு. டேப்பா?"

அவள் நிமிர்ந்தாள்.

"சத்தம் கேக்குதுன்னு சும்மா சொல்லச் சொன்னேன் மேடம். அது எனக்கு மட்டும் கேக்குற பிரமைன்னு நெனச்சேன்... நிஜமாவே கேட்டுச்சா உங்களுக்கு?"

க்ர்ர்ர்க்...

க்ர்ர்ர்க்...

மூடிய மேடைக்கு வெளியே!

கொழுந்தன் வீறிட்டான். அவள் மெல்ல நடந்து போய்ப் பட்டனை அமுக்கினாள். மேடை இறங்கித் தண்ணீரைத் தொட்டது.

சத்தம் நின்றது.

படகின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது... ஓர் ஆள் ஏறினால் தாழுமே, அந்த அளவுக்கு.

காலி மேடையையே பார்த்தபடி, இன்ஸ்பெக்டர் கழற்றிய தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சல்யூட் அடித்தாள்.

"சம்மன் அனுப்பாமலே சாட்சி ஆஜராகிறது என் சர்வீஸ்ல இதான்மா முதல் தடவை!"