பதினோரு மணிக்குக் கையெழுத்து

ட்ரிங்... ட்ரிங்...!

போன் அலறியது. லில்லோ எடுக்கவில்லை.

அவன் கையில் காபிக் கோப்பை. எதிரே ஜன்னலோர நாற்காலியில் அம்மா அகாதா. எண்பத்தோரு வயது. தலை தோளில் சாய்ந்திருந்தது. கை ஜில்லென்று இருந்தது.

"அம்மா... அம்மோவ்...!"

பதில் இல்லை. இனிமேல் வரவும் வராது.

போன் விடுவதாக இல்லை. எடுத்தான்.

"நோட்டரி ஆபீஸ்ல இருந்து பேசறேன். பதினோரு மணிக்குப் பத்திரம். அம்மாவோட அடையாள அட்டையை மறந்துடாதீங்க. அம்மா நல்லாத்தானே இருக்காங்க?"

லில்லோ நாற்காலியைப் பார்த்தான்.

"ம்... அமைதியா இருக்காங்க."

போனை வைத்தான். ஐம்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பாதி அம்மாவுக்காக. பாதி தனக்காக. பொய் சொல்வானேன்!

இருபது வருஷமாக அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி உட்கார வைத்தவன் அவன்தான். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. மற்ற ஆறு பிள்ளைகளும் ஜெர்மனியிலும் அர்ஜென்டினாவிலும் சௌக்கியம். கிறிஸ்துமஸுக்குக்கூட சிசிலிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"கடலைப் பார்த்த இந்த வீட்டை வித்து, மொத்தத்தையும் உனக்கே தரேன்டா" என்றாள் அம்மா. பணம் லில்லோவின் கணக்குக்கே போகட்டும் என்று எழுதியும் கொடுத்தாள். வாங்க ஆளும் கிடைத்தார். யோப் என்ற டச்சுக்காரர். நேரில் பார்த்ததில்லை. போட்டோவிலேயே வீட்டின் மேல் மயங்கி, ஆறு மாதமாகப் போனில் உருகியவர்.

இன்று அம்மா கையெழுத்துப் போட்டால் லில்லோவுக்கு வாழ்க்கை. இல்லாவிட்டால் வீடு ஏழு பங்கு. ஏழு பேரும் ஒத்துப் போவதற்குள் கூரையே விழுந்துவிடும். அவன் தெருவில் நிற்பான்.

பின்கதவு திறந்தது. அம்மாவின் தங்கை, சித்தி மிம்மா. கையில் பாதாம் பிஸ்கட் தட்டு.

"அக்கா கிளம்பிட்டாளா... ஐயோ!"

தட்டு விழுந்து நொறுங்கியது. சித்தி அக்காவின் நெற்றியில் முத்தமிட்டு, கண்களை மூடிவிட்டு, விசும்பினாள்.

லில்லோ அவள் முகத்தையே பார்த்தான். அதே மூக்கு... அதே பிடிவாதமான மோவாய்...

"என்னடா அப்படிப் பார்க்கற?"

"சித்தி... அம்மாவோட கறுப்பு கவுன் உங்களுக்குச் சரியா இருக்கும்ல?"

பளார்!

கன்னம் எரிந்தது. சித்தி மூச்சு வாங்கினாள். அக்காவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"எங்கடா வச்சிருக்கா அந்த கவுனை?"

* * *

பதினொன்று ஐந்து. த்ராபானி நகரம்.

நோட்டரி அட்டையையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோவுல கொஞ்சம் குண்டா இருக்கீங்களே?"

"பொம்பளைகிட்ட கேக்கற கேள்வியா இது?"

நோட்டரி வெட்கப்பட்டு டச்சுக்காரர் பக்கம் திரும்பினார். அவருடைய கோட், அவரைவிட இரண்டு சைஸ் பெரியது. நெற்றியெல்லாம் வியர்வை.

"பாஸ்போர்ட்டுல தாடி இருக்கே?"

"எடுத்துட்டேன். இங்க வெயில் தாங்கல" என்றார், தட்டுத் தடுமாறிய இத்தாலிய மொழியில்.

நோட்டரி பத்திரம் முழுவதையும் சத்தமாக வாசித்தார். முறை அப்படி. நாற்பது நிமிடம்! லில்லோவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"அகாதா அம்மா, முழு மனசோடதானே விக்கறீங்க?"

சித்தி கண் அசந்திருந்தாள்! லில்லோ மேஜைக்கடியில் உதைத்தான்.

"ஆ...! யாரு, நானா? விக்கறேன், விக்கறேன்! ஆனா அந்த எலுமிச்சை மரத்துல வருஷத்துக்கு ஒரு கூடை எனக்கு வேணும்!"

"எந்த எலுமிச்சை மரம்?" என்றார் டச்சுக்காரர்.

லில்லோவுக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாக அந்த மரத்தைப் பற்றியே பேசிய மனுஷனா இவர்? யோசிக்க நேரமில்லை. பேனா நகர்ந்துவிட்டது. இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டன!

லில்லோ சாவியை மேஜையில் வைத்ததுதான் தாமதம், டச்சுக்காரர் அதைப் பாய்ந்து எடுத்தார்.

"நான் இப்பவே வீட்டைப் பார்க்கணும்."

"ஐயோ, இன்னிக்கு வேணாம் சார்! நாளைக்கு... வீடு ஒரே குப்பை..."

"இப்பவே!"

டாக்ஸி பறந்தது. லில்லோவின் ஓட்டைக் கார் பின்னால் இருமிக்கொண்டே போனது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. டச்சுக்காரர் நாற்காலிக்கு முன்னால் சிலையாக நின்றிருந்தார். பிணத்தின் முகத்தைப் பார்த்தார். சித்தியின் முகத்தைப் பார்த்தார்.

லில்லோ அவர் காலில் விழுந்தான்.

"சார்... உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! போலீசைக் கூப்பிட்டுடாதீங்க! எனக்கு வேற போக்கிடம் இல்ல சார்!"

டச்சுக்காரர் அப்படியே அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தோள்கள் குலுங்கின.

"நான் எந்த முகத்தோட போலீசைக் கூப்பிடறது? நான் யோப் இல்ல... அவன் தம்பி. விம்."

"என்னது...!"

"அண்ணன் விடிகாலையில ஹோட்டல்ல போயிட்டான். மாரடைப்பு. என் வீட்டையும் வித்து அவன்கிட்டதான் கொடுத்திருந்தேன்... கடைசிக் காலத்தை ரெண்டு பேரும் இங்க கழிக்கலாம்னு. இப்ப எல்லாம் அவன் பசங்களுக்குப் போயிடும். பத்து வருஷமா ஒரு போன்கூடப் பண்ணாத பசங்க! அதான்... செத்தது விம், இனி நான்தான் யோப்னு முடிவு பண்ணினேன். என் பாஸ்போர்ட்டை அவன் பையில வச்சுட்டு வந்துட்டேன்."

லில்லோ அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அவனால் அவரை வெறுக்க முடியவில்லை.

டக்... டக்... டக்!

ஊர் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஜன்னலைப் பார்த்தபடி இருந்த நாற்காலியின் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"மன்னிக்கணும் அகாதா அம்மா. ஹோட்டல்ல ஒரு பிணம். பையில விம்னு பாஸ்போர்ட். ஆனா தாடி வச்சவர்தான் யோப்னு ஹோட்டல்காரர் அடிச்சுச் சொல்றார். நோட்டரியைக் கேட்டா, யோப் இப்பதான் உங்க வீட்டை வாங்கினாராம்! செத்தவன்கிட்ட எப்படிம்மா வித்தீங்க?"

நாற்காலி பேசவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு அடி முன்னால் வந்தார். எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

லில்லோ இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். எல்லாம் போயிற்று.

அக்காவின் கறுப்பு கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு சித்தி முன்னால் வந்தாள்.

"செத்தவ வித்தா, செத்தவன் வாங்கினான்... உசுரோட இருக்கறவங்களை எதுக்கு இன்ஸ்பெக்டர் தொந்தரவு பண்றீங்க?"